எறக்கச் சொல்ற வரைக்கும்

1893ஆம் வருஷம் டிசம்பர் பதினெட்டாம் தேதி பகல் மூன்று மணி சுமாருக்கு, குப்பனூர் அடிவாரத்திலிருந்து கொட்டச்சேட்டுக்கு ஏறும் பழைய தலைச்சுமைப் பாதையின் மூன்றாம் திருப்பத்தில், ஒரு மூங்கில் கூடை தரைக்கு வராமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. கூடைக்கு அடியில் கிழிந்த சேலையைச் சுருட்டிச் செய்த சும்மாடு. சும்மாட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை. உயரம் சரியாக ஒரு பொம்பளையின் தலை உயரம். உள்ளே கண்ணாடி விளக்கு மூடிகள் ஆறு, படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் சீமைப் பொம்மை ஒன்று, கேக்கில் போடுவதற்கு உலர்ந்த திராட்சை நாலு படி. அன்றைக்கு மலையில் மூடுபனி, வாடைக்காற்று, எஸ்டேட்டில் காபிப்பழம் இரண்டாம் பறிப்பு.

எங்கள் பக்கம் எந்தப் பண்டிகையும் நோம்பிதான். பொங்கலும் நோம்பி, மாரியம்மன் சாட்டும் நோம்பி, வெள்ளைக்காரர் கொண்டாடுகிற கிறிஸ்துமஸ் துரை நோம்பி. நோம்பி என்னவோ ஒரே நாள். அதற்கு ஓடுகிற ஓட்டம் கார்த்திகை பிறந்ததுமே தொடங்கிவிடும். பழம் பறிக்க ஆள் போதாமல் கிடக்கிற அதே மாதத்தில்தான் அவர்களுக்கு வான்கோழி வேண்டும், மெழுகுவர்த்தி வேண்டும், ஏற்காட்டுக் கோயிலை அலங்கரிக்கப் பாறைப்பாசியும் பெரணி இலையும் கூடை கூடையாக வேண்டும். வெண்ணெய்ப் பானையை ஈர வாழையிலையில் பொதிந்து சுமக்க ஓர் ஆள், சவுக்குக் கிளையை நுனி ஒடியாமல் கொண்டு வர ஓர் ஆள். ஒரு ஜாடி ஜாமை அடுத்த எஸ்டேட் பங்களாவில் கொடுத்துவிட்டு, அங்கிருந்து அதே மாதிரி இன்னொரு ஜாடி ஜாமை வாங்கி வர ஓர் ஆள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறார்களா?

கொட்டச்சேட்டுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் தலைச்சுமை ஆட்களுக்கு மேஸ்திரி வேடியப்பன். அரூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் மலையேறிய குடும்பம். குள்ளமான, கட்டையான, வாய் அதிகம் திறக்காத ஆள். ஏழு வருஷம் அவன் கூட்டத்தில் கை தவறி ஒரு பாட்டில் உடைந்ததில்லை, ஒரு முட்டை விரிசல் கண்டதில்லை. அந்தப் பெருமை அவனுக்கு இருந்தது. அதைத் தவிர வேறு என்ன இருந்தது அவனிடம்? பெண்டாட்டி குப்பாயி இருந்தாள். அவளுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால், சாவு கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்து வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷம் அந்த ஏமாற்று வேலை நன்றாகவே பலித்தது. கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் அவள் வயிற்றில் தங்கியது. அந்த டிசம்பரில் அவளுக்கு நிறைமாசம்.

முந்தின வருஷ நோம்பிக்கு ஒரு கெரகம் நடந்திருந்தது. இரண்டாம் திருப்பத்தில் பழைய சுமைதாங்கி ஒன்று உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவளுடைய ஆட்கள் பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, தலை உயரத்தில் மேலே ஒரு பலகைக்கல்லைக் கிடத்துவார்கள். வருகிறவன் போகிறவன் தலைப்பாரத்தை யார் தயவும் இல்லாமல் அதில் தள்ளி வைத்து இளைப்பாறுவான். ஒவ்வொருவன் இறக்க இறக்க, இறக்காமல் போன அவள் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பது கணக்கு. அந்தச் சுமைதாங்கியில் மாதம்மாள் என்ற சுமைக்காரி கூடையை வைத்துவிட்டு ஊற்றில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, குரங்குக் கூட்டம் இறங்கித் திராட்சையைத் தின்று, விளக்கு மூடிகளைப் பாறையில் போட்டு உடைத்து விளையாடிவிட்டுப் போயிற்று. துரைசானி அழுதாள். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பொன்னுவேல் மறுநாளே நாலு ஆளை விட்டுச் சுமைதாங்கியைப் பிடுங்கினார். தூண் இரண்டையும் பள்ளத்தில் உருட்டிவிட்டு, பலகைக்கல்லைப் பங்களாவுக்கு வாசற்படியாகப் போட்டார். எந்தக் காலத்து எந்தப் புண்ணியவதிக்காக நட்ட கல்லோ, அதில் பூட்ஸ் காலோடு ஏறி இறங்கினார்கள்.

ஆகவே இந்த வருஷம் உத்தரவு கண்டிப்பாக இருந்தது: அடிவாரத்தில் தலைக்கு ஏற்றினால் பங்களா வாசலில்தான் இறக்க வேண்டும். பழம் பறிப்பில் கைகள் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்ததால், சுமைக்கு ஆள் போதவில்லை. வேடியப்பன் யோசித்துப் பார்த்தான். கண்ணாடிச் சாமானை நம்பிக் கொடுக்க நிதானமான நடைக்காரி யார் என்று பார்த்தால், சொந்தப் பெண்டாட்டிதான் தெரிந்தாள். வயிற்றைப் பார்த்தான். இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

குப்பனூர் அடிவாரத்தில் மாட்டு வண்டியிலிருந்து சாமான் இறங்கியது. கூடையின் வாயைக் கோணியால் மூடித் தைத்திருந்தார்கள். வேடியப்பனும் மாதம்மாளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குப்பாயி தலையில் ஏற்றிவிட்டார்கள். அவள் கழுத்தைச் சரிபண்ணிக்கொண்டு, புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமெல்லாம் அப்போது ஏது, “ஏனுங்க,” என்றாள். “மூணாந்திருப்பத்துல ஒருக்கா எறக்கிக்கட்டுங்களா? மாதம்மாக்கா கை குடுப்பாங்க. இடுப்பு நொம்பக் கடுக்குதுங்க.”

“ஏம்புள்ள, மேஸ்திரி பொண்டாட்டியே எறக்குனா மத்தவ எறக்காம இருப்பாளா?” என்றான் வேடியப்பன். சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னான். “நான் எறக்கச் சொல்ற வரைக்கும் எறக்கப்படாது. பங்களா வாசல்ல நானே வந்து கை குடுக்கறேன், போ.”

“செரிங்க,” என்றாள் குப்பாயி.

அவன் வான்கோழிக் கூண்டுக்காரர்களோடு முன்னால் போய்விட்டான். மூன்றாம் திருப்பத்தில் அவளுக்கு வலி கண்டது. பின்னால் வந்த மாதம்மாள் தன் சுமையைத் தரையில் தள்ளிவிட்டு ஓடிப்போய், “கூடைய எறக்கு கண்ணு, நான் புடிச்சுக்கறேன், எறக்கு,” என்று கையை நீட்டினாள். “அவுங்க இன்னும் சொல்லலீங்களே அக்கா,” என்றாள் குப்பாயி. அதுதான் அவள் பேசின கடைசிப் பேச்சு. இன்னும் நாலு எட்டு வைத்தாள். நின்றாள். பிறகு கூடைக்கு அடியிலிருந்து அவள் மட்டும் மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. மாதம்மாள் நாலு பெற்றவள், பத்துப் பிரசவம் பார்த்தவள். தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தாள். பாதை எல்லாம் ரத்தம். பிள்ளை வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தாயும் இல்லை.

அந்நேரம் வேடியப்பன் பங்களா வாசலில், பிடுங்கிப் போட்ட அந்தப் படிக்கல்லுக்குப் பக்கத்தில், கூடையை இறக்கக் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ஒவ்வொருத்தியாக வந்து இறக்கினார்கள். கடைசியாக மாதம்மாள் வெறுந்தலையோடு வந்தாள். அவள் சொல்லி முடித்த பிறகும் அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. அப்படியே பாதையில் இறங்கி ஓடினான்.

குப்பாயியை, கூலிக்காரர் குடியிருக்கும் லயனுக்குக் கீழே, சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தார்கள். கூடையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறு ஆள் தொங்கிப் பார்த்தார்கள். கயிறு கட்டி உழவு மாட்டைப் பூட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது, மாடு முட்டி போட்டது. கோணித் தையலை அறுக்கப் பார்த்தால் கத்தி வழுக்கியது. எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே நடப்பதால் சீட்டித் துரை என்று பெயர் வாங்கிய எஸ்டேட் துரை, குதிரையில் வந்து இறங்கினார். கைத்தடியைச் சும்மாட்டுக்கு அடியில் இப்படியும் அப்படியும் விட்டுப் பார்த்தார். எதிலும் இடிக்கவில்லை. சீட்டியடிக்காமல் திரும்பிப் போனார். துரைசானி ஆள் அனுப்பி, விளக்கு மூடி உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்தபோது, மாதம்மாள் லயன் வாசலில் நின்று வேடியப்பனை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “நீங்கதானுங்க மேஸ்திரி சொன்னீங்க, சொல்ற வரைக்கும் எறக்காதேன்னு. அவ உங்க சொல்லுக்குத்தான் நிக்கறா. நீங்க சொன்னா எறக்கிருவா. ஆனா ஒண்ணு. கூடைய எறக்கறது சுளுவு. வயித்துச் சுமைய ஆரு எறக்கறது? நெறமாசத்துக்காரிக்குச் சுமதாங்கி நடாட்டி, அவளும் நின்னுட்டே இருக்கோணும், புள்ளையும் நின்னுட்டே இருக்கோணும்.”

வேடியப்பனுக்கு அழுகை வரவில்லை என்று சிலர் சொன்னது பொய். காபிச் செடிக்குள் போய் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ரைட்டர் பொன்னுவேலிடம் போனான். “ஏனுங்க ரைட்டருங்க, அந்தப் படிக்கல்ல மட்டும் குடுத்துருங்க. மூணாந்திருப்பத்துல அவளுக்கு நட்டுக்கறேன். நட்ட மறு நிமிசம் கூடைய எறக்கச் சொல்றேன்.”

“மொதல்ல கூடை எறங்கட்டும் வேடியப்பா. நோம்பி முடியட்டும். தொரைகிட்ட நானே சொல்றேன்.”

“இல்லீங்க. மொதல்ல கல்லுங்க.”

பிறந்தது முதல் அவன் யாரிடமும் ‘இல்லீங்க’ என்று சொன்னதில்லை. ஆனாலும் நாலு நாள் அந்த வார்த்தையில் நின்றான். மேஸ்திரி வேலை போகும் என்றார்கள், லயனைக் காலி செய் என்றார்கள், நின்றான். அந்த நாலு நாளும் வேலைக்கு மட்டும் குறைவில்லை. பெண்டாட்டி செத்த ஈரம் காயாமல் பாசி சுரண்டப் போனான், சவுக்குக் கிளை வெட்டிச் சுமந்தான், ஏற்காட்டுக்கு ஜாடி கொண்டு போய் ஜாடி கொண்டு வந்தான். போகும்போதும் வரும்போதும் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு மூன்றாம் திருப்பம் வழியாகவே நடந்தான். கூடைக்கு அடியில் ஒரு நிமிஷம் நிற்பான். அவள் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டதாக அப்போது யாரிடமும் சொல்லவில்லை; பின்னால் ஒரே ஒரு தடவை மாதம்மாளிடம் சொன்னான். பாரத்தோடு நிற்கிற பொம்பளை மூச்சு என்றான்.

இருபத்துநாலாம் தேதி காலையில் துரை அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். திட்டுவார், அடிப்பார் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனவனை, துரை திட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. தோளில் கையை வைத்தார். “நல்ல ஆளு, வேடியப்பன்,” என்றார் தன் தமிழில். “நோம்பி முடியும். கல்லு வரும்.” அவ்வளவுதான். ஒரு துரையின் கை அதுவரை கூலிக்காரன் எவன் தோளிலும் பட்டதில்லை. மிரட்டலுக்கு அசையாத மனுஷன் அந்தக் கை பட்டதும் உருகிப்போனான். பாவி மனுஷன், “செரிங்க தொரைங்களே,” என்று சொல்லிவிட்டான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ரைட்டரும் ஆறு ஆட்களும் சுற்றி நிற்க, வேடியப்பன் கூடைக்கு அடியில் போய் இரண்டு கையையும் ஏந்தினான். “எறக்கீரு புள்ள,” என்றான். தூங்குகிற பிள்ளையைக் கை மாற்றிக் கொடுப்பது போலக் கூடை அவன் கைக்கு வந்தது. சும்மாடு வரவில்லை. “அதையும் எறக்கீரு,” என்றான். வரவில்லை. அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; “நேரமாச்சு, நட நட,” என்று ரைட்டர் விரட்டினார். மறுநாள் பங்களாவில் ஆறு விளக்கும் எரிந்தன. ஒரு மூடியிலும் கீறல் இல்லை. பொம்மை மட்டும், எப்படிப் படுக்க வைத்தாலும் கண்ணை மூடவில்லை. வழியில் பழுதாகிவிட்டது என்று துரைசானி அதை அலமாரி மேல் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

கல் வரவில்லை. நோம்பி முடிந்து போய்க் கேட்டபோது, “அதான் கூடை எறங்கிருச்சே, இன்னும் என்ன?” என்றார் ரைட்டர். நடமாட்டத்தில் இருக்கிற படியை எப்படிப் பிடுங்குவது என்றார். செடி கவாத்து முடியட்டும் என்றார், பூ பூக்கட்டும் என்றார், அடுத்த நோம்பி வரட்டும் என்றார். துரைக்கு அந்தப் பேச்சே ஞாபகமில்லை. வேறு கல் நடலாம் என்றால் பாதையும் பாறையும் எஸ்டேட்டுக்குச் சொந்தம். உத்தரவில்லாமல் ஒரு கூழாங்கல்லை நகர்த்த முடியாது. கையில் இருந்த ஒரே பிடியையும் ஒரு தோள்தட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது வேடியப்பனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

தை மாதத்தில் ஒருநாள், மாதம்மாள் கேழ்வரகு மூட்டையோடு ஏறி வந்தவள், களைப்பில் தன்னை மறந்து மூட்டையை அந்தச் சும்மாட்டின் மேல் தள்ளி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் உறைத்தது. மூட்டை விழவில்லை. அவள் கீழே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு எழுந்து, மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். மாசி பிறப்பதற்குள் பாதையில் போகிற எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. விறகு வைத்தார்கள், அரிசி வைத்தார்கள், ஒரு வியாபாரி இரும்புக் கலப்பை இரண்டை வைத்தான். எல்லாவற்றையும் தாங்கியது. வேடியப்பனும் ஒருநாள் முட்டைக் கூடையை வைத்தான். நூற்றிருபது முட்டையும் தரையில். இன்னொரு நாள் வெல்லப் பானையை வைத்தான், உடைந்தது. மூன்றாம் தடவை தண்ணீர்க் குடத்தை வைத்துப் பார்த்தான். அதோடு நிறுத்திக்கொண்டான். “கோவமாயிருப்பாளோ?” என்று மாதம்மாளிடம் கேட்டான். “அவ கோவப்பட்டு நான் பாத்ததில்லீங்க மேஸ்திரி. எறக்கச் சொல்லாம இருக்கறா, அவ்வளவுதான்,” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம், குப்பனூர் அடிவாரத்திலிருந்து பங்களா வரைக்கும் ஓர் இடத்திலும் சுமையை இறக்காமல் நடந்த ஒரே ஆள் வேடியப்பன்தான். மற்றவர்கள் மூன்றாம் திருப்பத்தில் பாரத்தை வைத்துவிட்டு வெற்றிலை போடுகிற நேரம் வரைக்கும், அவன் தலைச்சுமையோடு சும்மாட்டுக்கு எதிரில் நின்றுகொண்டே இருப்பான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுத்து இறுகித் திரும்பாமல் போயிற்று. ஏற்கனவே குள்ளம், வருஷத்துக்கு வருஷம் இன்னும் குறுகினான். சும்மாடு மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, பனியில் வெளுத்து, நூல் நூலாகிக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்க்கும்போதுதான் அவனுக்குப் பொறுக்காது. பனையோலை கட்டிப் பார்த்தான், சாக்கு போர்த்திப் பார்த்தான். அவன் கை வைத்தது எதுவும் அங்கே நிற்கவில்லை.

சேலத்திலிருந்து வண்டி ரோடு வேறு பக்கமாக மலையேறியது. சீட்டித் துரை காபி விலை விழுந்த வருஷம் எஸ்டேட்டை விட்டுக் கப்பலேறினார். ரைட்டர் பொன்னுவேல் மஞ்சள் காமாலையில் செத்தார். பங்களா ஓடு சரிந்தது. அலமாரி மேலிருந்த பொம்மையைக் கரையான் அரித்தது, கண் இரண்டும் மட்டும் மிச்சம். 1912ஆம் வருஷம் டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலையில் வேடியப்பன் கடப்பாரையோடு போய் அந்தப் பலகைக்கல்லைப் பெயர்த்தான். நாலு ஆள் தூக்குகிற கல். மாதம்மாளும் அவள் மகன்கள் மூவரும் பிடித்து ஏற்றிவிட்டார்கள். “வேண்டாமுங்க மேஸ்திரி, செத்துருவீங்க,” என்றாள் மாதம்மாள். “ஏத்தி உடுங்க அக்கா,” என்றான். ஒற்றை ஆளாகக் கல்லைச் சுமந்துகொண்டு இறங்கினான்.

மூன்றாம் திருப்பத்தில் சும்மாட்டை ஒட்டி நின்றான். பின்னாலேயே வந்த மாதம்மாளுக்கு அவன் பேசியது தெளிவாகக் கேட்டது. எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியையும் கூப்பிடாத விதமாக, “ஏனுங்க,” என்று கூப்பிட்டான். “எறக்கட்டுங்களா?”

பதில் வரவில்லை. அவன் இறக்கவில்லை. மாதம்மாள் கஞ்சி கொண்டு வந்து வாயில் ஊட்டினாள்; இரண்டு வாய் குடித்தான். ஆட்கள் வந்து கல்லை வாங்கப் பார்த்தார்கள். “அவ சொல்லோணும்,” என்று மட்டும் சொன்னான். இருபத்துமூன்று போயிற்று, இருபத்துநாலும் போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. இருபத்தைந்தாம் தேதி விடிந்து, ஏற்காட்டுக் கோயில் மணி காற்றில் கேட்ட நேரத்தில் கொட்டச்சேட்டு ஆட்கள் போய்ப் பார்த்தபோது, வேடியப்பன் கல்லுக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி செத்துப் போயிருந்தான். கல் மட்டும், அவன் நின்றபோது தலை இருந்த உயரத்திலேயே நின்றது. அதற்குத் தூண் நட வேண்டும் என்று ஆரம்பத்தில் ஒரு பேச்சு வந்தது. தேவைப்படவில்லை, விட்டுவிட்டார்கள்.

இப்போது சந்தைக்குப் போகிறவர்கள் அந்தக் கல்லின் மேல்தான் பாரத்தை இறக்குகிறார்கள். குறுகிப்போன ஆளின் உயரம் என்பதால் பொம்பளைகளுக்கும் எட்டுகிறது. கல்லுக்கு நாலு விரற்கடை கீழே சும்மாடு அப்படியே இருக்கிறது. கல் அதை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்பதால், அந்த மார்கழியிலிருந்து அது நனைவதில்லை.